வந்தவர்களும் வரவழைக்கப்பட்டவர்களும்

ஆதரவுக் குழு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்தான். 1935-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கிய இருவரில் பில் வில்சன் பங்குச் சந்தையில் இருந்தவர், பாப் ஸ்மித் அறுவை சிகிச்சை மருத்துவர். இருவரும் குடியால் நொந்தவர்கள். உறுப்பினர் ஆவதற்கான தகுதி ரொம்ப எளிமை: குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும். கட்டணம்கூடக் கிடையாது.

இப்போ அதே கூட்டத்துக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்ட ஒருவரை நீதிபதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சீட்டு. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அதில் கையெழுத்து வாங்கி கோர்ட்டில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். ஆசையோடு வருகிறவர்களுக்கான இடத்தில் ஆசையே இல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

"கட்டாயப்படுத்தி அனுப்பினா எவனும் திருந்த மாட்டான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் பாதிப்பு ஆய்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சிகிச்சைக் கோட்பாடுகளில் ஒன்று, சிகிச்சை பலன் தர அது விருப்பத்தின் பேரில் நடந்தாக வேண்டியதில்லை என்கிறது. யோசித்துப் பார்த்தால், தானாக வருபவரும் முழுக்கத் தானாக வருவதில்லை. மனைவி வைத்த கெடுவோ மேலாளரின் எச்சரிக்கையோ பின்னால் இருக்கும்.

அப்புறம் என்ன வித்தியாசம்? தானாக வந்தவர்களின் குழுவில் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடலாம். அதனால் நடத்துபவருக்கு உடனே சேதி போய்விடும். ஒருவரே பேசித் தீர்த்தால் அவரை மெல்ல நிறுத்தி, பேசாமல் இருப்பவருக்கு இடம் கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. கட்டாயக் குழுவில் நாற்காலிகள் எப்போதும் நிறைந்திருக்கும். அதனாலேயே அந்த நிறைவுக்கு அர்த்தம் கிடையாது. இன்னொன்று, சுதந்திரம் பறிபோவதாகத் தோன்றினால் மனிதன் அதை மீட்கத்தான் முதலில் பார்ப்பான். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். கைகட்டி மௌனமாக உட்கார்ந்திருப்பவர் செய்வதும் அதுதான்.

ஆகவே கட்டாயக் குழுவின் முதல் கூட்டத்தில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, கட்டாயத்தை மறைக்காமல் சொல்வது. "நீங்க விரும்பி வரலைன்னு எனக்குத் தெரியும்" என்றே ஆரம்பிக்கலாம். கோர்ட்டுக்கு எது போகும், எது போகாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வருகை மட்டுமா? பேச்சுமா? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் கையெழுத்துப் போடுபவர் சக உறுப்பினர். அந்தக் கையெழுத்துக்கு 'வந்தார்' என்பதைத் தாண்டி அர்த்தமில்லை. 1989-இல் மயாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்ற முறையில் அப்படியில்லை. சிகிச்சையின் முன்னேற்றமே நீதிபதி முன் வருகிறது. இதை முதலில் சொல்லாமல் பின்னால் அறிக்கை எழுதினால் அந்த அறையில் யாரும் அப்புறம் வாய் திறக்க மாட்டார்கள்.

இரண்டு, மிச்சமிருக்கும் சுதந்திரத்தைக் கையில் கொடுப்பது. வரச் சொல்லி உத்தரவு இருக்கலாம், மனதைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட முடியாது. தன் முறை வரும்போது "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கட்டும். குழுவின் விதிகளையும் அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

மூன்று, வாதாடாமல் இருப்பது. "நீ குடிகாரன், ஒத்துக்கோ" என்று நாம் சொன்னால் அவர் "இல்லை" என்பதற்கான காரணங்களை அடுக்குவார். அடுக்க அடுக்க அவரே அதை நம்பிவிடுவார். வில்லியம் மில்லர் 1983-இல் எழுதி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த முறை இதைத் திருப்பிப் போடுகிறது. மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவழைப்பது. "உங்களுக்கு இதிலிருந்து என்ன வேணும்?" என்று கேட்டால், "இந்தக் கேஸ் முடிஞ்சா போதும்" என்பார். அதுவும் ஒரு இலக்குதானே? அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கட்டாயத்துக்கு எல்லையும் உண்டு. பரோலில் வந்த ஒரு பௌத்தரை, கடவுளை முன்வைக்கும் இத்தகைய கூட்டங்களுக்குப் போகச் சொன்ன வழக்கில், 2007-இல் அமெரிக்காவின் 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அரசு ஒருவரை அனுப்பினால் மதச்சார்பற்ற மாற்று வழியும் இருக்க வேண்டும்.

உத்தரவால் ஒருவரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட முடியும். சீட்டில் கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகும் அவர் திரும்பி வருவாரா என்பது, உள்ளே அவரிடம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.