அனிமோனிக்கு வந்தது நோயல்ல, தூக்கம்

டொராண்டோவிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "மே நடுவில் தோட்டத்தில் அனிமோனிக் கிழங்கு நட்டேன். ஜூலைக் கடைசியில் சிவப்பும் ஊதாவுமாக நாலைந்து பூ வந்தது. அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டும் இலை மஞ்சளாகிச் செடி படுத்துவிட்டது. என்ன நோய்? கோடை முழுக்கப் பூக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தார்களே?"

செடிக்கு நோயில்லை. கோளாறு பாக்கெட்டில்தான்.

கடைகளில் விற்கும் வண்ண அனிமோனி பெரும்பாலும் மத்தியதரைக் கடலோரத்துச் செடி. இஸ்ரேலின் வடக்கு நெகேவ் பகுதி பிப்ரவரியில் இந்தப் பூவால்தான் சிவக்கிறது. அங்கே மழை குளிர்காலத்தில் மட்டும். கோடையில் சொட்டுக்கூடக் கிடையாது. பூத்து, விதை விட்டு, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு வறட்சிக்கு முன்பே செடி மண்ணுக்குள் ஒடுங்கியாக வேண்டும். மண் காய்ந்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். அதனால் அது முன்கூட்டியே துப்புப் பார்க்கிறது: வெப்பம் ஒன்று, பகலின் நீளம் இன்னொன்று. இரண்டும் கூடினால் உறக்கம் விரைந்து வருகிறது என்பதை 1988இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. தண்ணீர் ஊற்றி அந்த முடிவை மாற்ற முடியாது.

இப்போது டொராண்டோவுக்கு வருவோம். ஜெருசலேமின் மிக நீண்ட பகல், ஜூன் 21 அன்று, சுமார் 14 மணி 15 நிமிடம். டொராண்டோவில் மே நடுவிலேயே பகல் பதினாலரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்! மண்ணில் வைத்த அன்றே அந்தக் கிழங்கு தன் ஊரில் கண்டிராத உச்சக் கோடைக்குள் வந்துவிட்டது. நாலு பூ பூத்ததே அதன் பெருந்தன்மை.

உறங்கும் கிழங்கு பார்ப்பதற்குச் சுண்டைக்காய் வற்றல்தான்: கறுத்து, சுருங்கி, எது தலை எது கால் என்று தெரியாமல். குணமும் அதுவே. வெயில் அதைக் கெடுக்காது, ஈரம் கெடுக்கும். டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும்; தண்ணீரில் போட்டால் உப்பும். இன்னும் இழுக்கலாம். பச்சைச் செடியை நசுக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற எரிச்சலூட்டும் நஞ்சு உண்டாகும். காயும்போது அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வீரியம் இழக்கும், சுண்டைக்காயின் கசப்பு மோரில் அடங்குகிற மாதிரி. அதற்காகக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். வற்றலுக்கு உயிர் போய்விட்டது, இதற்குப் போகவில்லை.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்கு: காற்றடித்தால்தான் இந்தப் பூ திறக்கும் என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்தார். திறப்பதும் மூடுவதும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் பொறுத்தவை. ஆனாலும் விற்பனைக் குறிப்புகளில் அந்தக் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. கடைகளில் கிடைக்கும் 'டி கான்' ரகம் பிரான்சின் கான் நகரத்துப் பெயரைத் தாங்கியது. போதும்.

செய்ய வேண்டியது, நாட்காட்டியை ஏமாற்றுவது. டொராண்டோவின் உறைபனி கிழங்கைக் கொன்றுவிடும் என்பதால் இலையுதிர்காலத்தில் வெளியே நட முடியாது. பிப்ரவரிக் கடைசியில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்தில், தொட்டியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். மேல்கீழ் தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முளை வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கடும் உறைபனி விலகியதும் ஏப்ரலில் வெளியே வைத்தால் மே, ஜூனில் பூ பார்க்கலாம். இலை மஞ்சளானால் தண்ணீரை நிறுத்துங்கள். உரம், ஊக்கி என்று விற்பதையெல்லாம் வாங்க வேண்டாம். கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

கோடை முழுக்கப் பூ வேண்டுமானால் செண்டுமல்லி நடுங்கள். விலையும் குறைவு.