பிழைகளுக்குள் இருக்கும் ஒழுங்கு

நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பை முடித்த எவருக்கும் தன் கல்லூரிகளுள் ஏதேனும் ஒன்றில் இடம் உண்டு என்னும் கொள்கையை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹார்லெம் பகுதியில் உள்ள சிட்டி கல்லூரியில் கருப்பின மாணவரும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த மாணவரும் 1969இல் நடத்திய போராட்டமே, சில ஆண்டுகள் கழித்து வரவிருந்த இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. இவ்வாறு உள்ளே வந்தவர்களுள் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். கருப்பினத்தவரின் ஆங்கில வழக்கையோ ஸ்பானிய மொழியையோ வீட்டில் பேசி வளர்ந்தவர்கள். பக்கத்துக்குப் பக்கம் பிழை மலிந்திருந்த அவர்களுடைய கட்டுரைகளைப் படித்த ஆசிரியர் சிலர், இவர்களுக்கு எழுதக் கற்பிப்பது இயலாத காரியம் என்றே முடிவு கட்டினர்.

அந்தக் கல்லூரியின் எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மினா ஷானெசி (1924–1978) அந்த முடிவை ஏற்கவில்லை. மாணவரை எந்த வகுப்பில் அமர்த்துவது என்று தீர்மானிப்பதற்காக 1970 முதல் 1974 வரை எழுதவைக்கப்பட்ட கட்டுரைகளுள் ஏறத்தாழ 4,000ஐ அவர் வரிவரியாக ஆராய்ந்து, தாம் கண்டவற்றைப் 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1977இல் நூலாக வெளியிட்டார். பிழைகள் கவனக்குறைவால் கண்டபடி விழுபவை அல்ல, அவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு காரணத்தைப் பற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருபவை என்பதே அந்நூலின் மையக் கருத்து. அயல்மொழி கற்போரின் தவறுகளைத் தொகுத்து, அவற்றின் பின்னுள்ள எண்ணப்போக்கைத் தேடும் பிழைப் பகுப்பாய்வு என்னும் முறையை, தம் நாட்டு மொழியிலேயே எழுதத் தடுமாறும் மாணவருக்கும் பொருத்திக் காட்டியது அவருடைய பெரும் பங்களிப்பு.

இம்முறையின் பயனைத் தமிழ் விடைத்தாள்களிலும் எளிதில் காணலாம். 'வந்தப் பையன்', 'செய்தப் பிறகு' என்று எழுதும் மாணவருக்குச் சந்தி தெரியவில்லை என்று சொல்வது பாதி உண்மைதான். 'அந்தப் பையன்', 'இந்தக் காலம்' ஆகிய சரியான வடிவங்களைக் கண்டு, 'அந்த' என்பதற்குப் பின் வல்லினம் மிகுமானால் 'வந்த' என்பதற்குப் பின்னும் மிகவேண்டும் என்று அவர் தாமாகவே ஒரு விதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். 'அந்த' சுட்டுச்சொல், 'வந்த' பெயரெச்சம் என்னும் ஒரே வேறுபாட்டை விளக்கினால் இத்தகைய பிழைகளில் ஒரு கொத்தே மறையக்கூடும். அவை ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த விதி மாணவரின் மனத்தில் அப்படியேதான் இருக்கும்.

வேறொரு வகைப் பிழை அறியாமையால் வருவதே அல்ல. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பார்த்தலமே 1980இல் எழுதிய கட்டுரையில், தம் கட்டுரையை உரக்கப் படிக்கும் மாணவர் தாளில் விடுபட்ட விகுதியையும் சொல்லையும் தம்மையறியாமல் சேர்த்தே படித்துவிடுவதையும், எழுதியதற்கும் படித்ததற்கும் வேறுபாடு இருப்பதையே உணராமற் போவதையும் எடுத்துக்காட்டினார். இத்தகையவருக்கு வேண்டியது மேலும் ஓர் இலக்கணப் பாடம் அன்று. தாம் நினைத்ததை விட்டுத் தாளில் உள்ளதைப் பார்க்கும் பழக்கம், அதாவது மெய்ப்புப் பார்க்கும் கண்.

பிழைக்கு அஞ்சும் மாணவர் தமக்கு நன்கு தெரிந்த சொற்களையே பற்றிக்கொண்டு, குறைவாக எழுதுவதையே பாதுகாப்பாகக் கருதுகிறார் என்பதை ஷானெசி வருத்தத்துடன் பதிவு செய்கிறார். காரணத்தையும் விலக்கையும் நிபந்தனையையும் ஒரே வாக்கியத்தில் கோக்க முயன்று இடையில் இழையைத் தவறவிடும் மாணவர், பிழையற்ற நாலு சொல் வாக்கியங்களை அடுக்கி வைப்பவரைவிடப் பெரிய செயலில் இறங்கியிருக்கிறார். மதிப்பெண்ணைக் குறைக்கும் கை அந்த முயற்சியையும் பார்த்தாக வேண்டும்.

1976இல் வெளியான மற்றொரு கட்டுரையில் ஷானெசி மாணவரின் வளர்ச்சியை அளப்பதை விடுத்து ஆசிரியரின் வளர்ச்சியை நான்கு படிகளாக வகுத்தார். கல்விக்கூடத்தின் தரத்துக்குக் காவல் நிற்பதாக எண்ணித் தொடங்கும் ஆசிரியர், பிறகு மாணவரைத் தம் வழிக்குத் திருப்ப முனைந்து, அதன்பின் தாம் கற்பிக்கும் பொருளின் ஆழத்தையே சோதித்துப் பார்த்து, இறுதியில் மாணவரிடமிருந்து தாமே கற்கத் துணிகிறார் என்பது அந்த வரிசை. குறை தீர்க்கும் வகுப்பு என்ற பெயரைத் தவிர்த்து 'அடிப்படை எழுத்து' என்ற பெயரை அவர் வழங்கியதற்கும் இந்த மரியாதையே காரணம்.

எழுத்து எழுதித்தான் வரும் என்பதால், இம்முறைக்கு நிறையப் பயிற்சியும், எழுதியதைப் பொறுமையாகப் படிக்கும் ஆசிரியரும், அவருக்குப் போதிய நேரமும் தேவைப்படுகின்றன. வசதியற்ற பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் ஒரு பருவம் முழுவதிலும் எழுதியது 350 சொற்கள் அளவே இருக்கலாம் என்று கணித்த ஷானெசி, இந்த இடைவெளியை ஓரிரு மாதங்களில் அடைத்துவிட முடியும் என்று எங்கும் நம்பிக்கை ஊட்டவில்லை. ஆனால் நியூயார்க் நகரம் நிதி நெருக்கடியில் வீழ்ந்த பின், 1976இல் அப்பல்கலைக்கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக இளநிலை மாணவர் அனைவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆசிரியர் பலர் பணியிழந்தனர். ஒரு மாணவரின் ஒரு பக்கத்தை அமர்ந்து படிப்பதற்கான நேரமும் அவர்களோடு சேர்ந்தே குறைந்தது.