புட்டி சுத்தமானால்தான் பானம்

வீட்டில் பியர் காய்ச்சவும் உரிமம் வேண்டும் என்கிறது 1965ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டம். அதனால் பெங்களூரு வைட்ஃபீல்டில் என் சமையலறையில் நொதிப்பவை இஞ்சிச் சாறும் கொம்பூச்சா என்ற நொதித்த தேநீரும்தான். புட்டி விஷயத்தில் பியருக்கும் இவற்றுக்கும் பேதமே இல்லை.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. கசடு ஒட்டியிருந்தால் அதன் அடியில் கிருமி பத்திரமாகத் தப்பிவிடும். காய்ந்த கசடுக்கு வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, நீளப் பிரஷ்ஷால் தேய்ப்பேன். எங்கள் போர்வெல் தண்ணீர் விடும் வெள்ளைப் படிவத்துக்கு வினிகர் போதும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் கழற்றிக் கழுவுங்கள். பலரும் மறக்கும் இடம் அது.

பிறகு புட்டிகளைப் பச்சைத் தண்ணீரில் வைத்தே சூடேற்ற வேண்டும். சட்டென்று கொதிநீரில் போட்டால் கண்ணாடி விரிசல் விடும். கொதித்தபின் 10 நிமிடம் என்பார்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நான் இன்னும் சில நிமிடம் விடுவேன்.

பியரைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்று விளக்கி லூயி பாஸ்டர் 1876இல் ஒரு நூலே எழுதினார். வேண்டாத ஈஸ்ட் புட்டியில் தங்கினால் ருசி மட்டுமா போகும்? மிச்சச் சர்க்கரையைத் தின்று வாயுவைப் பெருக்கும், புட்டியே வெடிக்கலாம். விரிசல் கண்ட புட்டியை நான் வைத்துக்கொள்வதே இல்லை.

கொதிநீரிலிருந்து எடுத்த புட்டியைத் துணியால் துடைக்காதீர்கள். கவிழ்த்து வடியவிட்டு, ஆறியதும் நிரப்புங்கள்.