அக்காவைப் போல உயரமில்லை என்றால் அக்கா உயரமா?

"அவள் அக்காவைப் போல உயரமில்லை." இதைக் கேட்டவர் அக்காவைப் பற்றி என்ன நினைப்பார்? அக்கா நல்ல உயரம், தங்கை அவ்வளவு வளரவில்லை என்று ஒருவர் புரிந்துகொள்வார். அக்காவும் குட்டை, தங்கையும் குட்டை என்று இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அவரையும் குறைசொல்ல முடியாது. "அக்கா அளவுக்கு உயரமில்லை" என்று மாற்றிப் பாருங்கள். இரண்டாவது பொருள் காணாமல் போய்விடும். "அக்காவைப் போலவே" என்று ஓர் ஏகாரம் சேர்த்தாலோ முதல் பொருள் மங்கிவிடும்.

ஒன்று மற்றொன்றை மிஞ்சுகிறது என்று சொல்வதில் மொழிகளுக்கு இத்தனை சிக்கல் இல்லை. நெதர்லாந்து மொழியியலாளர் லெயோன் ஸ்டாசென் இதைப் பற்றி 1985இல் ஒரு நூலே எழுதினார். பிற்பாடு, உலக மொழிகளின் அமைப்பைக் காட்டும் நிலப்படத் தொகுப்புக்காக 167 மொழிகளை வகைபிரித்தார். அவற்றில் 78 மொழிகள் இடத்தைக் குறிக்கும் உருபையே ஒப்பிடவும் வைத்துக்கொள்கின்றன. இந்தியில் "வீட்டிலிருந்து" என்பதற்கு வரும் "ஸே"தான் "ராமனைவிட" என்பதற்கும் வருகிறது. 33 மொழிகளில் மிஞ்சுதல், தாண்டுதல் என்னும் வினை அந்த வேலையைப் பார்க்கிறது. நைஜீரியாவின் யொருபா பேசுபவர் "அவன் உயரத்தில் என்னை மிஞ்சுகிறான்" என்கிற பாங்கில் சொல்வார். ஆங்கிலம், பிரெஞ்சு போல ஒப்பிடுவதற்குத் தனி இடைச்சொல் வைத்திருக்கும் மொழிகள் 22தான். அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய மொழிகள். பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த நமக்கு அதுவே உலக வழக்கம் என்று தோன்றுவது வேறு விஷயம்.

மீதி 34 மொழிகளில் தனி உருபும் இல்லை, வினையும் இல்லை. பாப்புவா நியூகினியின் அமெலே மொழியில், இந்த வீடு அந்த வீட்டைவிடப் பெரிது என்று சொல்ல "இந்த வீடு பெரிது, அந்த வீடு சிறிது" என்று இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்தால் முடிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா–நெவாடா எல்லையில் டாஹோ ஏரியைச் சுற்றி வழங்கிய வாஷோ மொழியும் இந்த வழியில்தான் போகிறது. அதனால் இவர்களுக்கு ஒப்பிடவே தெரியாது என்று முடிவுகட்டுவது அபத்தம். ஆனால் ஒரு கேள்வி நியாயமானது: வித்தியாசம் அரை அங்குலம்தான் என்றால்? சிறு வித்தியாசத்துக்கும் பொருந்தும் ஒப்பீடு, கண்ணில் படும் வித்தியாசம் கேட்கும் ஒப்பீடு என்ற பிரிவைத் தமிழிலேயே பார்க்கலாம். "சோமு ராமுவைவிட உயரம்" என்பது அரை அங்குலத்துக்கும் பொருந்தும். இருவருமே குள்ளமாக இருந்தாலும் பொருந்தும். "ராமுவோடு ஒப்பிட்டால் சோமு உயரம்" என்று சொல்லவோ, பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம் வேண்டும்.

தமிழ் எந்தக் கட்சி? ஆங்கிலத்தைப் போல நாம் "பெரிய" என்னும் சொல்லின் வாலை மாற்றுவதில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரின் மேல்தான் சுமை முழுவதும் விழுகிறது. அதைத் தாங்குபவை பழைய வினைகள்: "விட" விடுதலிலிருந்தும், "காட்டிலும்" காட்டுதலிலிருந்தும், "பார்க்கிலும்" பார்த்தலிலிருந்தும் வந்தவை. யாழ்ப்பாணத்தில் "அவனிலும் பார்க்க இவன் கெட்டிக்காரன்" என்பார்கள். தெலுங்கின் "கண்டே" என்பதும் காணுதல் வழியே வந்ததுதான்.

அதற்கும் முன்னால், தொல்காப்பியர் காலத்தில், ஐந்தாம் வேற்றுமையின் "இன்" உருபுக்கு இந்த வேலை இருந்தது. களாப்பழம் காக்கையின் கரிது என்றால், காக்கையைப் போலக் கரியதா, காக்கையைவிடக் கரியதா? இரண்டுக்கும் இடமுண்டு என்று கண்ட உரையாசிரியர்கள், முதலாவதை உவமப்பொரு என்றும் இரண்டாவதை உறழ்பொரு என்றும் பிரித்தார்கள். சமமும் மிகுதியும் ஒரே உருபுக்குள் இருந்திருக்கின்றன.

பிற்காலத்தில் மிகுதிக்கு "விட" வந்து இரண்டும் பிரிந்தன. சமத்துக்குள்ளே மட்டும் இன்னும் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன: தன்மை ஒத்திருப்பது ஒன்று, அளவு ஒத்திருப்பது ஒன்று. "புலி போலப் பாய்ந்தான்" என்பதில் வேகத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. பாய்ந்த விதம்தான் பேச்சு. வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியம் உவமையை நான்காகப் பிரித்ததும், முப்பதுக்கும் மேற்பட்ட உவம உருபுகளைப் பட்டியலிட்டதும் பெரும்பாலும் இந்தத் தன்மைக்காகத்தான். "அளவுக்கு" என்பது கோல் வைத்துப் பார்க்கும் சொல். அதிலும் ஒரு நெகிழ்வு உண்டு. "அக்கா அளவுக்கு உயரம், சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் கூட" என்று தொடர்ந்தால் முரண்பாடாகத் தோன்றுவதில்லை. அது சொல்வது குறைந்தபட்ச அளவை; சரிசமம் என்று உறுதி தருவதில்லை.

செய்தி எழுதும் எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழும் இடம் "மடங்கு". "கடந்த ஆண்டைவிட மழை 3 மடங்கு அதிகம்." போன ஆண்டு 10 செ.மீ. என்றால் இந்த ஆண்டு 30ஆ, 40ஆ? "100 சதவீதம் அதிகம்" என்றால் 20 என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதே கணக்கில் 300 சதவீதம் அதிகம் என்பது 40. "3 மடங்கு அதிகம்" என்பதும் 40 ஆக வேண்டும். ஆனால் வாசகர்களில் பலர் 30 என்றுதான் படிப்பார்கள், எழுதியவர் மனதிலும் பெரும்பாலும் 30தான் இருக்கும். "விட"வும் "அதிக"மும் இல்லாமல் "கடந்த ஆண்டைப் போல 3 மடங்கு" என்று எழுதினால் 30 என்பதில் சந்தேகமே வராது. இதைவிட மோசமானது "2 மடங்கு குறைவு". 10 செ.மீ.யில் 2 மடங்கு குறைய வேண்டுமானால் மழை தரையிலிருந்து மேகத்துக்குத்தான் பெய்திருக்க வேண்டும். "பாதிதான் பெய்தது" என்று எழுதினால் போதும்.