ஆற்றுப்படுத்தும் சொல்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாட நாம் தயங்குவதில்லை. உறக்கம் இழந்து, உணவில் விருப்பம் குன்றி, காரணம் புரியாத அச்சத்தோடு வாரக்கணக்கில் வாடும்போதோ உதவி தேட நாணுகிறோம். ‘பிறர் என்ன நினைப்பரோ’ என்னும் கூச்சம் ஒருபுறம். ‘அங்கே என்ன நடக்குமோ’ என்னும் அறியாமை மறுபுறம். கூச்சத்தைக் களையச் சமூகம் மாற வேண்டும். அறியாமையைக் களைய இப்பாடம் துணைசெய்யும்.

சொல்லும் பொருளும்

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையில் வாடி எதிர்வரும் கலைஞரிடம் தாம் சென்ற வழியையும் ஆங்குப் பெற்றதையும் கூறி நெறிப்படுத்துவது இவ்வகையின் பொது இயல்பு. ‘ஆறு’ என்பது வழி. ‘ஆற்றுதல்’ என்பது துயர் தணித்தல். இவ்விரு பொருளும் இயைய, உளவியல் ஆலோசனையைத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றும் வழங்குகிறோம். இலங்கைத் தமிழர் இதனை ‘உளவளத்துணை’ என்பர். வழிகாட்டுபவர் நம்மைச் சுமந்து செல்வதில்லை, நடப்பவர் நாமே. ஆலோசனையின் அடிப்படையும் இதுவே.

யாரிடம் செல்வது?

மனநல மருத்துவர், மருத்துவம் பயின்று மனநோய் மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தரும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர். உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பவர். உளவியல் ஆலோசகர், உளவியல் அல்லது சமூகப்பணி பயின்று ஆலோசனை வழங்குபவர். தேவை நேரின் இவர்கள் ஒருவர் மற்றவரிடம் நம்மை அனுப்பிவைப்பர்.

தனியாக ஆலோசனையகம் நடத்துபவரை நாடும்போது பெயர்ப்பலகையை மட்டும் நம்புதல் போதாது. அவருடைய கல்வித்தகுதி, பதிவு, அனுபவம், கட்டணம், குறித்த நாளில் வர இயலாவிடில் கடைப்பிடிக்கும் நடைமுறை ஆகியவற்றை முன்னரே கேட்டறியலாம். இவ்வாறு வினவுதல் அவமதிப்பு ஆகாது. தகுதி உடையவர் இவ்வினாக்களை வரவேற்பார்.

முதல் சந்திப்பு

ஒரு சந்திப்பு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடங்கள் வரை நீடிக்கும். திரைப்படங்களில் காண்பதுபோல் கட்டிலில் படுத்துக் கண்மூடிப் பேச வேண்டியதில்லை; எதிரெதிரே இரு நாற்காலிகளே பெரும்பாலும் போதும். தொடக்கத்தில் ஒப்புதல் படிவம் ஒன்று தரப்படலாம். அதனைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். பின்னர் உறக்கம், உணவு, படிப்பு, குடும்பம், நட்பு, முன்பு உற்ற நோய்கள் குறித்து ஆலோசகர் வினவுவார். ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதேனும் தோன்றியதா?’ என்றும் கேட்கக்கூடும். இஃது ஐயத்தால் எழும் வினா அன்று. பலரிடமும் பாதுகாப்புக் கருதிக் கேட்கப்படுவது. உள்ளதை உள்ளவாறு கூறுவதே நன்று.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ‘இதைப் பற்றி இன்று பேச இயலவில்லை’ என்று கூறும் உரிமை நமக்கு உண்டு. அழுகை வந்தால் அழலாம். சொல் வாராவிடில் அமைதியாகவும் இருக்கலாம். மனத்தைத் திறந்து பேசிய பின் களைப்புத் தோன்றுவதும் இயல்பே.

மறை காத்தல்

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவர் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை வழங்குகிறது. எனினும் இதற்கு எல்லைகள் உண்டு. நம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ இடர் நேரும் எனத் தோன்றினால் ஆலோசகர் உரியவர்க்கு அறிவிப்பார். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டம், 2012-இன்படி அதனைத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் இவ்வெல்லைகளை முதல் நாளே விளக்கிவிடுவார்.

18 வயது நிறைவுறாதவர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு கேட்கப்படும். பெற்றோரிடம் எவற்றைத் தெரிவிப்பது, எவற்றை அறைக்குள்ளேயே காப்பது என்பதை மூவரும் அமர்ந்து தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு எழாது.

பேச்சு எவ்வாறு மருந்தாகிறது?

அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் குறைந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்னும் எண்ணம் அவளுக்கு எழுகிறது. அவ்வெண்ணம் துயரைத் தருகிறது. துயரால் அவள் புத்தகத்தைத் தொடுவதில்லை. அடுத்த தேர்விலும் மதிப்பெண் குறைகிறது. எண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. ஆரோன் பெக் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் வகுத்த அறிதல்வழிச் சிகிச்சை, இச்சுழலை எண்ணம் என்னும் கண்ணியில் அறுக்க முயல்கிறது. ‘உன் எண்ணத்திற்குச் சான்று யாது? எதிர்ச்சான்று யாது?’ என்று ஆலோசகர் கேட்பார். அவள் இரண்டையும் தாளில் எழுதுவாள். ‘ஒரு பாடத்தில் பின்தங்கியுள்ளேன், உதவி கேட்கலாம்’ என்னும் நேரிய எண்ணத்தை அவளே கண்டடைவாள். ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே செய்ய வேண்டிய சிறு பயிற்சிகளும் தரப்படும். ‘கவலைப்படாதே’ என்னும் அறிவுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பொறுமையும் விழிப்பும்

மாற்றம் ஒரே நாளில் நிகழாது. தொடக்கத்தில் மனம் மேலும் கனப்பதுபோல் தோன்றுவதும் உண்டு. சில சந்திப்புகளுக்குப் பின்னும் பொருத்தம் ஏற்படாவிடில் அதனை ஆலோசகரிடமே வெளிப்படையாகக் கூறலாம். வேறொருவரை நாடவும் செய்யலாம். ஆனால், ஒரே சந்திப்பில் முற்றும் குணமாக்குவதாக வாக்களிப்பவர், இழிவாகப் பேசுபவர், தகாத முறையில் தொடுபவர், ‘இதை யாரிடமும் சொல்லாதே’ என மிரட்டுபவர் ஆகியோரை உடனே விட்டு விலக வேண்டும். நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அதனைத் தெரிவிக்கவும் வேண்டும்.

நம் வகுப்பறையில் அருகில் அமர்ந்திருப்பவரும் சொல்லாத துயரோடு இருக்கலாம். ‘நானும் உடன் வருகிறேன்’ என்று அவரிடம் கூறும் ஒரு சொல், அவருடைய பயணத்தின் முதல் அடியாக அமையலாம்.

தெரிந்து தெளிவோம்

தனியார் ஆலோசனைக்குப் பொருள்வசதி இல்லாதோர் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாடலாம். 10.10.2022 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

கற்பவை கற்றபின்

1. துயருற்ற நண்பருக்கு அறிவுரை கூறுவதற்கும் அவர் கூறுவதைச் செவிமடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உரையாடலாக எழுதுக.
2. முதன்முறையாக ஆலோசகரைச் சந்திக்கச் செல்பவர் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.