அடைப்புக்குறிக்குள் ஒரு சங்கம்

சென்னையில் ஆட்டோ பிடித்து ‘அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி’ என்றால் போதும், வேறு விலாசம் கேட்க மாட்டார்கள். அந்த மருத்துவமனையின் முழுப்பெயரோடு அடைப்புக்குறிக்குள் மூன்று ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: டபிள்யூ.ஐ.ஏ. அது ஒரு மாதர் சங்கத்தின் பெயர். விமன்ஸ் இண்டியன் அசோசியேஷன். தமிழில் இந்திய மாதர் சங்கம் என்பார்கள்.

மாதர் சங்கம் என்றாலே நம் சினிமாக்காரர்களுக்கு ஒரே காட்சிதான். கைப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு தலைவியம்மாள், அவருக்குப் பயந்து அடுப்படியில் நிற்கும் கணவர், மேடையில் ஒரு சோடா பாட்டில். சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஒரு சங்கத்தின் கதையைத் தேடிப் படித்தால், அந்தத் தலைவியம்மாள்களுக்கு நாம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்பது புரியும்.

சங்கம் பிறந்தது 1917 மே 8 அன்று, அடையாற்றில், பிரம்மஞான சபையைச் சுற்றியிருந்த வட்டாரத்தில். தலைவர் அன்னி பெசன்ட். ஓடியாடி வேலை பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் டோரதி ஜினராஜதாசாவும் மார்கரெட் கசின்ஸும். டோரதி, இலங்கையைச் சேர்ந்த பிரம்மஞானி ஜினராஜதாசாவின் மனைவி. மார்கரெட் அயர்லாந்துக்காரர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுக் கல்லெறிந்து, ஜன்னல் உடைத்து, இரண்டு முறை சிறைக்குப் போனவர். 1915இல் கணவரோடு இந்தியா வந்து மதனப்பள்ளியில் ஆசிரியை ஆனார். இப்படி ஒருவர் சும்மா தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருப்பார் என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் கணக்குப் பிழை.

தையல் வகுப்பும் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளைகள் தொடங்கிய ஊர்களில் எல்லாம் எழுத்தறிவு, தையல், முதலுதவி என்று பாடம் நடந்தது. வீட்டை விட்டு வெளியே வர ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் ஒரு காரணம் தேவைப்பட்டது. கோயில், கல்யாணம், சாவு ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஊசியும் நூலும் அந்தக் காரணத்தைக் கொடுத்தன. வந்து உட்கார்ந்த பிறகு என்ன பேசினார்கள் என்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே அன்னி பெசன்டை அரசு ஊட்டியில் காவலில் வைத்தது, ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக. தலைவர் இல்லாமலேதான் முதல் சில மாதங்கள் ஓடின. அந்த ஆண்டு கடைசியில் இந்திய விவகார மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். அரசியல் சீர்திருத்தம் பற்றி யார் யாரோ அவரைப் பார்த்துப் பேசினார்கள். பெண் கல்வி பற்றிப் பேச எங்களுக்கும் நேரம் வேண்டும் என்று மார்கரெட் எழுதினார். அரசியல் சம்பந்தமான விஷயமானால் மட்டுமே சந்திப்பு என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று ஓட்டுரிமைக் கோரிக்கையைச் சேர்த்து மனுவை மாற்றி எழுதினார்கள். 1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவைச் சந்தித்தது. இந்தியப் பெண்கள் ஓட்டு கேட்டு அரசின் வாசலுக்குப் போன முதல் நிகழ்ச்சி இதுதான். ஒரு குமாஸ்தாத்தனமான பதில் கடிதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மாண்டேகு ஒன்றும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1919 சட்டம் அந்த முடிவை மாகாணங்களின் தலையில் கட்டியது. நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை 1921இல் பெண்களுக்கு ஓட்டு கொடுத்தது. பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுவே முதல். ஆனால் சொத்தும் வரியும் உள்ள பெண்களுக்கு மட்டும். வயல்காட்டில் நாற்று நட்டவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. சங்கத்தின் பெரிய குறையும் இதுவே: ஆங்கிலம் படித்த, வசதியான, பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பத்துப் பெண்களின் சங்கமாகவே அது நெடுநாள் இருந்தது. 1918 முதல் 1936 வரை அவர்கள் நடத்திய ‘ஸ்திரீ தர்மா’ பத்திரிகையில் தமிழ், தெலுங்குப் பகுதிகளும் உண்டு. ஆனாலும் அதன் குரல் ஆங்கிலத்தில்தான் உரத்துக் கேட்டது.

ஓட்டு வந்தது, தேர்தலில் நிற்கும் உரிமை அதற்குப் பிறகுதான் வந்தது. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய, அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்த மங்களூர் பக்கம் போட்டியிட்டார். மார்கரெட் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தும், கொஞ்ச ஓட்டில் தோல்வி. வாசல் வழியாக நுழைய முடியாதபோது ஜன்னலைப் பார்ப்பதுதானே வழக்கம்? சட்டசபைக்கு ஒரு பெண்ணை நியமனம் செய்யுங்கள் என்று சங்கம் அரசைக் கேட்டது. கிடைத்த பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, நோயாளிகளே கதி என்று இருந்தவருக்கு அரசியலுக்கு வரத் தயக்கம். சங்கத்துத் தோழிகள் விடவில்லை. சட்டசபைக்குப் போன வேகத்தில் துணைத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த அவர் கொண்டுவந்த மசோதாவும், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு நடந்த மோதலும் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. அவ்வளவாகப் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிகளே அந்த மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். சொத்துரிமையும் சங்கீதமும் கைவிட்டுப் போகும் என்பது அவர்கள் பயம். சங்கம் அவர்கள் பக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்டதாகச் சொல்ல முடியாது. முத்துலட்சுமி செய்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கலைஞர்களின் பயம் பொய்யில்லை என்பதைப் பிற்காலம் காட்டியது. மேடையும் புகழும் வேறு வீட்டுப் பெண்களுக்குப் போயின. 1929இல் வந்த சட்டம் தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுவதை முழுமையாகத் தடுத்த சட்டம் 1947இல்தான் வந்தது.

இடையில் இன்னொன்று நடந்தது. பொட்டுக்கட்டுக்குத் தப்பி முத்துலட்சுமியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள் சில பெண்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் முன்வரவில்லை. சட்டம் போட்டால் மட்டும் போதாது, சோறும் பாயும் வேண்டும் என்ற நிலையில் எழுந்ததுதான் ஔவை இல்லம். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் சட்டசபைப் பதவியை அவர் உதறியபோது, கையில் வேலைக்குக் குறைவில்லை.

புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்து இதற்கும் முந்தையது. 1920களில் அவருடைய தங்கை ஒருவர் புற்றுநோயில் இறந்தார். டாக்டரான அக்காவால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. இதற்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே பேசினார். ‘கேன்சரா, இனி கடவுள்தான்’ என்று ஊர் கையை விரித்த காலம். அரசு வட்டாரமும் பெரிதாக அசையவில்லை. கடைசியில் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிப் பணம் திரட்டினார்கள். நேரு 1952இல் அடிக்கல் நாட்டினார். 1954இல் மருத்துவமனை திறந்தது.

மொத்தம் 12 படுக்கை, ஒரே கட்டடம். டாக்டர்கள் இரண்டே பேர்: முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி, அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தா. எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசு வேலை கையிலிருக்க, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாந்தா இங்கே வந்தது பலருக்கும் புரியவில்லை. சம்பளமில்லாமலே சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு மாதம் 200 ரூபாயும், வளாகத்திலேயே ஒரு வீடும் கொடுத்தார்கள். 2005இல் மக்சேசே விருதும், பின்னர் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 2021 ஜனவரியில் இறக்கும்வரை அவர் அந்த மருத்துவமனையை விட்டு வேறெங்கும் வேலைக்குப் போகவில்லை. பணமில்லாதவருக்கும் அதே சிகிச்சை என்ற ஏற்பாட்டை அவரும் கிருஷ்ணமூர்த்தியும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதற்கான நிதிக்கு ஒவ்வொரு ஆண்டும் அலைய வேண்டியிருந்தது, சங்கத்து அம்மாள்கள் அன்று அலைந்த மாதிரியே.