குழாயில் கசியும் குடும்பப் பணம்



ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் தண்ணீர் மீட்டர் இல்லாத வாடகை வீடுகளில் வீணாகும் நீருக்கெனத் தனி ரசீது வருவதில்லை. மோட்டார் போட்டு நீரேற்றும் வீடாயின், அந்தச் செலவு மின்கட்டணத்தில் ஏறிவிடுகிறது. இரு மாதங்களுக்கொரு முறை கணக்கெடுக்கும்போது எதிர்பாராத தொகையைக் கண்டு குடியிருப்பவர் திகைக்கிறார். "நீங்கள்தாம் அதிகம் செலவழித்தீர்கள்" என்கிறார் வீட்டுக்காரர். "உங்கள் குழாய்தான் பழுது" என்கிறார் இவர். நல்ல உறவு கசந்துபோகிறது.

சொல்லால் மோதுமுன் நீரை அளந்து பாருங்கள். இஷாவுக்குப் பின் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, குழாய்களை எல்லாம் மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். சுபுஹுக்கு எழுந்ததும், ஒளுச் செய்வதற்கு முன்பே, மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. கழிப்பறைத் தொட்டியில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் நீர் விடாதிருங்கள். கீழே நிறம் தெரிந்தால் கசிவு அங்கேதான்.

சொட்டுத்தானே என்று எண்ணாதீர்கள். 200 மில்லி லிட்டர் டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 லிட்டர். இரு மாதங்களில் 1,700 லிட்டருக்கும் மேல்! ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். பெருங்கசிவால் அது தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால், 60 யூனிட் கூடிவிடும். யூனிட் கூடக்கூட விகிதமும் உயர்வதால், சுமை இன்னும் பெரிதாகும்.

பழுதைச் சரிசெய்வது யார் பொறுப்பு? தமிழகத்தில் 2019 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், குழாய்களை மாற்றுவது உரிமையாளர் கடமை. குழாய்முனை, வாஷர், கழிப்பறைப் பழுது ஆகியவை குடியிருப்பவர் கடமை. பிணக்கு எதுவாயினும் உரிமையாளர் தண்ணீரை நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

கெடு நாளுக்குள் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, அளந்த விவரத்தோடு பேசுங்கள். குடிபுகும் நாளிலேயே மீட்டர் எண்ணை இருவரும் எழுதிக் கையொப்பமிடுங்கள். பொதுத் தொட்டியாயின், மோட்டார்ச் செலவை எவ்வாறு பகிர்வது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ முக்கால் லிட்டர் அளவான ஒரு முத்து நீரில் ஒளுச் செய்து காட்டினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். குடியிருக்கும் வீடு அமானிதம். அதில் ஓடும் நீரும் அமானிதமே. இன்றிரவு தொட்டியில் ஒரு கோடு போடுங்கள். உண்மையை அது சொல்லிவிடும். அண்டை வீட்டு உறவும் அறுந்துபோகாது.